மீட்டர் அண்ணியும் பதினோரு ஊர்களும்

என் அண்ணி முப்பத்தோரு வருஷம் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படித்தவள். வெயிலோ மழையோ, காலை ஏழு மணிக்குத் தோளில் பையும் கையில் நோட்டுமாகக் கிளம்பிவிடுவாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. கதவைத் தட்டுவது, மதில் ஓரத்துப் பெட்டியைத் திறப்பது, குனிந்து எண்ணைப் படிப்பது, எழுதுவது, மூடுவது, அடுத்த வீடு. மூன்று நாய்க்கடியும் எண்ணிலடங்காத வசவும் வாங்கியிருக்கிறாள். ஆனால் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதியதில்லை. இதை நானாகச் சொல்லவில்லை, வாரத்துக்கு ஒரு முறையாவது அவளே சொல்லிவிடுவாள். குடும்பத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் மீட்டர் அண்ணி. அது அவளுக்கும் தெரியும், வருத்தமும் கிடையாது.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் திருப்புளியைத் தேடுகிற ஜென்மம். கடையில் வாங்கிய புதுக் கடிகாரத்தைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் மாட்டுவான். ஓய்வு பெற நான்கு வருஷம் இருக்கும்போது, ஒரு கிடங்கின் பின்னால் புல் முளைத்துக் கிடந்த ஒன்பது மீட்டர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப் பழுது பார்க்க ஆரம்பித்தான். ஓய்வுக்கு அப்புறம் அதிலேயே குடியிருக்கப் போவதாகவும் சொன்னான். அண்ணி போய்ப் பார்த்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"இதுல கக்கூஸ் இருக்கா?"

இருந்தது. உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், கதவு முக்கால்வாசிதான் மூடும், ஆனாலும் இருந்தது. "அப்ப சரி" என்றாள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நம்பி நிம்மதியாக இருந்த நாங்கள் எல்லாரும் ஏமாந்து போனோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களில் முக்கால்வாசியை எங்கள் தலையில் கட்டிவிட்டு, இருவரும் படகில் குடியேறினார்கள். கரையோரமாகவே போக வேண்டியது, பழைய துறைமுக ஊர் எது வந்தாலும் நின்று பார்க்க வேண்டியது, பிறகு அடுத்த ஊர். அதுதான் திட்டம். கோட்டைச் சுவர் உள்ள ஊர், கப்பல் கட்டிய ஊர், மணிக்கூண்டு ஊர் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் அண்ணி நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வைத்திருந்தாள்.

படகில் ஆழம் காட்டும் கருவி ஒன்று உண்டு. கையகலக் கண்ணாடியில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டதும் அண்ணி "மீட்டர்" என்று சொந்தம் கொண்டாடிவிட்டாள். சுக்கான் அண்ணனுக்கு, மீட்டர் அண்ணிக்கு. படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர் இறங்கியிருக்கும். ஆகவே கருவி காட்டும் எண்ணிலிருந்து ஒன்றரையைக் கழித்து, மிச்சத்தை நோட்டில் எழுதுவாள். மிச்சம் அரை மீட்டருக்குக் குறைந்தால், "வேண்டாங்க, திருப்புங்க." அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் திருப்பிவிடுவான். பழைய துறைமுகங்களின் உட்புறம் என்று வந்துவிட்டால் கடல் வரைபடமும் உதவாது. மண் சேர்ந்திருக்கலாம், நேரில் பார்த்துக்கொள் என்று ஒரு வரி போட்டுக் கைகழுவிவிடும். அண்ணியின் நோட்டுதான் வேதவாக்கு. ஆறு வருஷத்தில் படகு ஒரு தடவைகூடத் தரை தட்டவில்லை. அதே ஆறு வருஷத்தில் பதினோரு பழைய துறைமுகங்களின் வாசல் வரை போய்த் திரும்பியிருந்தார்கள். வெளியே ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்ன ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய், நங்கூரம் தாங்குமோ என்ற பயத்தில் ஊரைச் சரியாகப் பார்க்காமல் இரண்டு மணி நேரத்தில் ஓடி வருவார்கள்.

இரண்டு வருஷமாக அண்ணனின் முழங்கால் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. ரப்பர் படகில் அவனால் ஏற முடியாது. அவனை விட்டுவிட்டுப் போக அண்ணிக்கு மனசு வராது. கடைசி நான்கு ஊர்களை இரண்டு பேரும் மேல்தட்டில் உட்கார்ந்து, ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். போன மழைக்காலத்தில் நங்கூரம் நழுவிப் படகு பாறைப் பக்கம் போகப் பார்த்தது. விஷயம் அண்ணன் மகளின் காதுக்கு எட்டியது. அவள் பிடித்துக்கொண்டாள். இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஏதாவது ஒரு துறைமுகத்துக்கு உள்ளே, சுவரின் பாதுகாப்பில் இடம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் படகை விற்றுவிட்டு, அவள் பார்த்து வைத்திருக்கும் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். புதிய துறைமுகங்கள் எல்லாம் நிரம்பி வழிகின்றன என்று தெரிந்தும் அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாக்கை நிறைவேற்றி வைக்க அனுப்பப்பட்ட ஆள் நான். தையல்காரி. என் அண்ணன் மகளுக்கு நான்தான் கண்டிப்பான அத்தை. மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது, கைப்பையில் அந்த வீட்டின் படங்கள் உள்ள போனும், எங்கே போனாலும் என்னோடு வரும் அளவு டேப்புமாக ஒரு மீனவரின் படகில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன்.

படகு ஒரு மதில் சூழ்ந்த பழைய ஊருக்கு வெளியே நின்றிருந்தது. மதில் நேராகக் கடலிலிருந்து எழும்பி நிற்கிறது. நடுவில் கல்லால் கட்டிய வாசல் ஒன்று. அதற்குள்ளே போனால் பழைய துறைமுகக் குளம், அதைச் சுற்றி வீடுகள். வெளியே இருந்து எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சில பாய்மர நுனிகளும், ஏதோ ஒரு மாடியில் காய்ந்த துணிகளும்தான். படகோ நிமிஷத்துக்கு நாலு தடவை சாய்ந்தது. மேசை விளிம்பில் சட்டம் அடித்திருந்ததால் தேநீர்க் கோப்பை கீழே விழவில்லை, நான்தான் விழுந்தேன்.

வீட்டின் படங்களைக் காட்டினேன். அண்ணன், "எந்தக் கம்பெனி லிஃப்ட்?" என்று கேட்டதோடு சரி. அண்ணி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அலமாரியைப் புகழ்ந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாலாயிரம் வீட்டு வாசல் எனக்கு மனப்பாடம். ஒரு வீட்டுக் கூடம்கூட எப்படி இருக்கும்னு தெரியாது. வேலை அப்படி, சரி. ஊரு ஊராப் போனா உள்ள போய்ப் பாக்கலாம்னுதான் உங்க அண்ணன்கூடக் கிளம்பினேன். இங்கயும் வாசலோட திரும்புறதுன்னா எப்படி?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அவள் அண்ணனுக்காகத்தான் படகில் இருக்கிறாள் என்று நாங்களாக முடிவு கட்டி, அவளுக்காகப் பாவப்பட்டுக்கொண்டிருந்தோம். அவளை ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது. நானும் கேட்டதில்லை.

மறுநாள் காலை, துறைமுக வாசலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் தன் மோட்டார் படகில் பக்கத்தில் வந்து நின்றார். ஊரில் அவருக்குப் பெயரே வாசல்காரர்தான். நல்ல பருமன், கழுத்தில் விசில்.

"மழைக்கு உள்ள ரெண்டு இடம் காலியா இருக்கும்மா. ஏன் வெளியவே நின்னு ஆடிக்கிட்டிருக்கீங்க?"

"ஆழம் பத்தாதுங்க. நேத்து வாசல் பக்கம் வரைக்கும் வந்து பாத்தேன். மீட்டர் ஒண்ணு எழுபதுதான் காட்டுது. ஒன்றரையக் கழிச்சா இருபது சென்டிமீட்டர்."

"உங்களவிடப் பெரிய பாய்மரப் படகு போன வருஷம் நாலு மாசம் உள்ள கிடந்துச்சே. உங்க மீட்டர்தான் கோளாறு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். மீட்டர் கோளாறு என்று முப்பத்தோரு வருஷமும் அவளிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கண் முன்னாலேயே அளவு போட்ட வாளியில் தண்ணீர் பிடித்து, மீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டி, வாயை மூட வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

"நாத்தனாரே, உன் டேப்பை எடு" என்றாள்.

அண்ணனின் பெட்டியிலிருந்து ஒரு பெரிய இரும்பு நட்டை எடுத்துக் கயிற்றில் கட்டினோம். நான் டேப்பை வைத்து அளந்து, அரை மீட்டருக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொண்டே போனேன். நின்ற இடத்திலேயே முதலில் கயிற்றை இறக்கினோம். மீட்டர் நான்கு என்றது. கயிறு ஐந்தரை என்றது. அண்ணி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் முடிச்சுகளை மறுபடி அளந்து காட்டினேன். என் தொழிலில் கை வைக்க நான் யாரையும் விடமாட்டேன், அண்ணியே ஆனாலும். நங்கூரத்தைத் தூக்கிக் கரைப் பக்கம் நகர்ந்தோம். மீட்டர் மூன்று, கயிறு நாலரை. இன்னும் நகர்ந்தோம். மீட்டர் இரண்டு, கயிறு மூன்றரை. என் டேப் சரியாக ஒன்றரை மீட்டர். எங்கே இறக்கினாலும் ஒரு முழு டேப் நீளம் கயிறு கூடுதலாகப் போனது.

கோளாறான மீட்டர் இப்படி ஒரே அளவில் பிசகாது. அது அண்ணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த மீட்டர்ல கை வச்சீங்களா?"

"எப்ப?"

"எப்பவாவது."

அண்ணன் யோசித்தான். "மாட்டின அன்னைக்கு. அடிக்கட்டைக்குக் கீழ எவ்வளவு இருக்குன்னு நேராக் காட்டுற மாதிரி மாத்தி வச்சேன். ஒன்றரைய அதுவே கழிச்சுக்கும். புத்தகத்துல அப்படி ஒரு வசதி போட்டிருந்துச்சு."

"எங்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லியிருப்பேன்னு நெனக்கிறேன்."

"நான் ஒன்றரையக் கழிக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

"நீ என்னமோ எழுதுவ. நான் என்னைக்கு அதைத் திறந்து பாத்தேன்? நீ திருப்புங்கன்னா திருப்புவேன்."

இதுதான் நடந்தது. மீட்டர் ஒரு தரம் கழித்ததை அண்ணி இன்னொரு தரம் கழித்திருக்கிறாள். மூன்றரை மீட்டருக்குக் குறைந்த தண்ணீர் எல்லாமே அவள் நோட்டில் ஆபத்து. இரண்டு மீட்டர் தண்ணீர் இருந்தாலே அவர்கள் தாராளமாக உள்ளே போயிருக்கலாம். ஒருவருக்கொருவர் இவ்வளவு நம்பிக்கை இல்லாத புருஷன் பெண்டாட்டியாக இருந்திருந்தால், முதல் வாரத்திலேயே சண்டை போட்டுக் கண்டுபிடித்திருப்பார்கள்.

வாசல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, மத்தியானம் வருகிறேன் என்று மோட்டாரைக் கிளப்பினார்.

அண்ணி நோட்டை எடுத்துக்கொண்டு முன்தட்டில் போய் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் யாரோடும் பேசவில்லை. அண்ணன் தேநீர் போட்டு வைத்தான், ஆறிப்போனது. முட்டை பொரித்து வைத்தான், அதுவும் ஆறிப்போனது. நான் அருகில் போய் உட்கார்ந்தபோது, பக்கங்களைப் புரட்டி ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மணிக்கூண்டு ஊரு. போயிருக்கலாம். மஞ்சச் சுங்கக் கட்டடம் இருந்த ஊரு. போயிருக்கலாம். இங்க அவர் முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே பைனாகுலரை எங்கிட்டக் கொடுத்தாரு. போயிருக்கலாம்." பதினொன்றையும் படித்து முடித்தாள். "ஒரு நம்பர்கூடத் தப்பாப் படிக்கலம்மா. அத்தனையும் தப்பு."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அளவு தப்பிய துணியைப் பார்த்து நான் அழுததில்லை, பிரித்துத்தான் தைத்திருக்கிறேன். அதைத்தான் சொன்னேன். அவள் நோட்டை மூடினாள். பிறகு பின்பக்கம் திரும்பி, அண்ணனுக்குக் கேட்கும்படி, "நாளைக்குக் கடல் ஏத்தம் எத்தனை மணிக்கு?" என்றாள். அண்ணன் அதற்காகவே காத்திருந்தவனைப் போல, "பத்து நாப்பது" என்றான்.

மத்தியானம் நீர் வற்றிய நேரத்தில், வாசல்காரரின் படகில் போய் நானும் அண்ணியும் வாசலைக் கயிறு போட்டு அளந்தோம். அடியில் ஒரு கல்படி குறுக்கே கிடக்கிறது. பழைய காலத்தில் வாசலை மூடும் கதவு அதன்மேல்தான் உட்காருமாம். அந்தப் படிக்கு மேலே ஒரு மீட்டர் பத்துதான் தண்ணீர். நாளை ஏற்றத்தில் இன்னும் தொண்ணூறு சென்டிமீட்டர் ஏறும். ஆக இரண்டு மீட்டர். படகுக்குக் கீழே சரியாக அரை மீட்டர் மிஞ்சும். நாளையைத் தவறவிட்டால் அதே அளவு ஏற்றத்துக்குப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் மழைக்காற்று வந்துவிடும். வந்துவிட்டால் வாக்குப்படி இரண்டாம் மாடி.

மறுநாள் பத்தரைக்குப் பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓட்டிக்கொண்டு வாசலை நோக்கிப் போனோம். காலையிலிருந்தே காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மதிலில் நேற்றைய ஈரக்கோடு இன்றைய தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிந்தது. வாசல்காரர் மதில்மேல் நின்று அதைக் கையால் காட்டினார்.

"எதிர்பாத்த அளவு ஏறல. உங்க இஷ்டந்தான்."

அண்ணன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பக்கவாட்டில் கட்டியிருந்த டயரைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். அண்ணி மீட்டர் முன்னால் உட்கார்ந்து, கழிக்காமல், காட்டுவதை அப்படியே படித்தாள்.

"ஒண்ணு இருபது. தொண்ணூறு. எழுபது."

வாசலின் நிழல் படகின் மூக்கில் விழுந்தது. இரண்டு பக்கமும் கல், கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"ஐம்பது. நாப்பது."

அரை மீட்டருக்குக் கீழே அவள் ஆறு வருஷத்தில் ஒரு நாளும் போனதில்லை. அண்ணன் எஞ்சினைக் குறைத்தான். அவன் கை திருப்புவதற்குத் தயாராகிவிட்டது எனக்குத் தெரிந்தது. அவள் "திருப்புங்க" என்றால் திருப்பிவிடுவான், ஏன் என்று கேட்கமாட்டான், ஒரு நாளும் குத்திக்காட்டவும் மாட்டான்.

"போகட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

அண்ணி ஒரு தடவை மதிலை அண்ணாந்து பார்த்தாள். "போங்க. நிறுத்தாதீங்க."

"முப்பது" என்றாள். "இருபது." மறுபடி "இருபது." மறுபடி "இருபது." பிறகு, "நாப்பது." பிறகு, "எண்பது." பிறகு, "ஒண்ணு இருபது, ஒண்ணு அறுபது" என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போய், கடைசி எண்ணில் உடைந்தது. நாங்கள் உள்ளே இருந்தோம்.

எஞ்சினை நிறுத்தியதும் முதலில் எனக்கு உறைத்தது அமைதிதான். படகு ஆடவில்லை. குளத்தைச் சுற்றி மூன்று மாடி வீடுகள், நீலமும் வெளுத்த பச்சையுமாக ஜன்னல் கதவுகள். ஒரு ஜன்னலில் யாரோ மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து தெருவுக்கு ஏறும் கற்படிகளின் நடுப்பகுதி அத்தனை காலத்துக் கால்கள் பட்டுக் குழிந்திருந்தது. வாசல்காரர் ஓடி வந்து எங்கள் கயிற்றை வாங்கி, சுவரில் இருந்த பழைய இரும்பு வளையத்தில் கட்டினார். விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான், சந்தோஷமா இருந்துச்சு" என்றார்.

படகிலிருந்து படிக்கு ஒரு எட்டுதான். அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த எட்டை வைத்தான். ரப்பர் படகு வேண்டியிருக்கவில்லை, பைனாகுலர் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய ஊரின் தெருவில் நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கயிறு திரிக்கும் நீண்ட கூடத்துக்குள் போனார்கள். மாலுமிகள் தங்கிய விடுதியின் மாடி வரை ஏறினார்கள். கதவு திறந்திருந்த ஒரு வீட்டின் முன்னால் அண்ணி தயங்கி நின்றபோது, உள்ளே இருந்த அம்மாள், "வந்து பாருங்களேன், முந்நூறு வருஷத்து வீடு" என்று கூப்பிட்டார். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது.

சாயங்காலம் அண்ணன் மகள் போன் பண்ணினாள். "அத்தை, அம்மா என்ன சொல்றாங்க? வீட்டுக்காரங்க பதில் கேக்குறாங்க." நான் கண்டிப்பான அத்தை அல்லவா, போனை அண்ணியிடம் நீட்டிவிட்டேன்.

"வேண்டாம்னு சொல்லிடும்மா" என்றாள் அண்ணி. "நாங்க உள்ள வந்துட்டோம்."

அந்த மழைக்காலத்தில் அண்ணன் மகள் சந்தேகத்தோடு நான்கு நாள் வந்து தங்கினாள். புயல் நாளில் மதிலுக்கு வெளியே அலை எழும்பி, மதிலைத் தாண்டித் துளி தெறித்தது. உள்ளே மேசைமேல் வைத்த தேநீர் தளும்பவில்லை. வீடு, மாடி, பால்கனி என்கிற பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும், அப்பாவுக்கு முழங்கால் உறை ஒரு ஜோடியும் அம்மாவுக்கு ஒரு புது நோட்டும் அனுப்பி வைத்தாள்.

மழை விட்டு அவர்கள் கிளம்பிய காலையில் நானும் போயிருந்தேன். போன வழியே திரும்பிப் போகப் போவதாக அண்ணி சொன்னாள், கடைசியாகப் பார்த்த ஊரிலிருந்து முதல் ஊர் வரைக்கும். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஆறு வருஷம் போச்சே அண்ணி. அண்ணன் மேல கோபம் இல்லையா?"

சுக்கானைப் பிடித்திருந்தது அன்றைக்கு அவள்தான். அண்ணன் மீட்டர் முன்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தான்.

"மூணு மணி நேரம் இருந்துச்சு" என்றாள். "அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அறுபத்திமூணு வயசு. இந்த வயசுல எத்தனை பேருக்கு, தெரிஞ்ச ஊரு பதினொண்ணு, இன்னும் சரியாப் பாக்காமலே இருக்கு?"

கல்படியைத் தாண்டும்போது அண்ணன் "முப்பத்தஞ்சு" என்றான். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.